எல்லாம் முகப்புக்கு

“தையலம்மாகிட்ட நான் நேர்ல பேசணும், சார்.”

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: விடுப்பு கேள், புது நாற்காலி கேள், சம்பள உயர்வுகூடக் கேட்டுப் பார், கிளையண்டோடு பேச வேண்டும் என்று மட்டும் கேட்டுவிடாதே. அதைத்தான் கேட்டேன். அதுவும் கண்ணாடி அறையின் கதவைச் சாத்தாமல், வெளியே உட்கார்ந்திருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி.

இணையதளம் கட்டித் தரும் எங்கள் நிறுவனத்தை நடத்துகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘பாத்துக்கலாம்’. சர்வர் படுத்தாலும், கிளையண்ட் கத்தினாலும், கழிப்பறைக் குழாய் உடைந்தாலும் அவர் வாயில் முதலில் வருவது அதுதான். அன்று வரவில்லை.

“கதவைச் சாத்து.”

சாத்தினேன்.

“எதுக்குப் பேசணும்?”

“அவங்க சைட்டுக்கு வர்ற ஆளுங்க ஏன் குறைஞ்சாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அதைச் சொல்லணும்.”

“உன்னை ரிப்போர்ட் எழுதச் சொன்னேன். துப்பறியச் சொல்லல.”

“துப்பறிய என்ன சார் இருக்கு? திறந்ததும் பல்லைக் காட்டுது. ஒரே வரி கட்டளை. பழைய சைட்டுல எந்தப் பக்கத்தைத் தட்டினாலும் புது சைட்டோட முகப்புல போய் நிக்குது. யாரு போட்டது?”

அவர் கைபேசியைப் புரட்டிப் போட்டார். “நான்தான். இப்ப என்ன?”

இப்ப என்ன என்பதைக் கொஞ்சம் விளக்கினால்தான் என் கோபம் புரியும்.

ஓர் ஆஸ்பத்திரி பழைய கட்டடத்திலிருந்து புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய இடத்தில் கண் டாக்டரைத் தேடி வருகிறவரைப் புது இடத்தில் கண் டாக்டரின் அறைக்கே அனுப்ப வேண்டும். பல் டாக்டர் ஒரு மாதம் மட்டும் மாடியில் உட்காருகிறார் என்றால், ‘தற்காலிகமாக மாடியில்’ என்று எழுத வேண்டும். காது டாக்டர் வேலையை விட்டே போய்விட்டார் என்றால் ‘இனி இல்லை’ என்று எழுத வேண்டும். இணையத்தில் இதற்குப் பெயர் ரீடைரக்ட். நிரந்தரம், தற்காலிகம், இனி இல்லை. எந்தக் கதவில் எதை ஒட்டுவது என்று தீர்மானிப்பதுதான் என் வேலை. பாத்துக்கலாம் செய்தது என்னவென்றால், கண், பல், காது என்று வந்த எல்லோரையும் இழுத்துக்கொண்டு போய் வரவேற்பறையில் நிறுத்தியது. அங்கே பூச்சாடி இருக்கும். டாக்டர் இருக்க மாட்டார். வந்தவர் ஒரு நிமிடம் விழித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். இதைத் தேடுபொறி பார்த்துக்கொண்டே இருக்கும். கண்ணைக் கேட்டால் பூச்சாடி கிடைக்கிறது, அப்படியென்றால் இங்கே கண் டாக்டர் இல்லை என்று முடிவுகட்டிப் பெயரை அடித்துவிடும். அதற்குமேல், ஒட்டிய சீட்டில் ‘நிரந்தரம்’ என்று வேறு எழுதியிருக்கிறார் மனிதர்.

தையலம்மா என்று நாங்கள் சொல்லும் அந்த அம்மாள் தைப்பது சாதாரணத் துணி அல்ல. மார்பில் கட்டி வந்து ஒரு பக்கத்தையோ இரண்டையுமோ அறுவை செய்து எடுத்துவிட்ட பெண்களுக்கு உள்ளாடை. உள்ளே வைக்கும் பஞ்சுப் பையில் சிறுமணிகளைச் சேர்த்து, மறுபக்கத்தின் எடைக்குச் சரியாக நிறுத்துத் தைப்பார். ஒரு மாடியறை, சில மெஷின்கள், தைக்கும் சில பெண்கள். இந்தச் சரக்குக்குத் தெருவில் பலகை மாட்ட முடியாது, மாட்டினாலும் யாரும் நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே வர மாட்டார்கள். வீட்டில் எல்லோரும் வெளியே போனபின், கைபேசியில், கேள்வியாகத் தட்டித்தான் வருவார்கள். அந்தக் கேள்விகளுக்குத் தையலம்மா வருடக்கணக்காகப் பதில் எழுதி வைத்திருந்தார். ஒரு கேள்விக்கு ஒரு பக்கம்.

‘சீட் பெல்ட் தழும்பின் மேல் உரசுகிறது.’ ‘குழந்தையைத் தூக்கினால் பஞ்சு கழுத்துக்கு ஏறுகிறது.’ ‘நடக்கும்போது ஒரு பக்கம் சாய்கிறேனா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?’ கடைசிக் கேள்விக்கு அவர் எழுதியிருந்த பதில்: ‘சாயத்தான் செய்வீர்கள். அது மனசு இல்லை, எடை. எடையைச் சரி பண்ணலாம்.’

அத்தனையையும் நான் படித்திருக்கிறேன். புது சைட் கட்டியபோது அந்த வேலை முதலில் என்னிடம்தான் இருந்தது. பக்கங்களை ஒவ்வொன்றாகப் புது விலாசத்துக்கு மாற்றியதும் நான்தான். எது எங்கே போக வேண்டும் என்று பக்கத்துக்குப் பக்கம் பொருத்திக்கொண்டிருந்தேன். கை வீங்குவதைப் பற்றி இரண்டு பக்கங்கள் இருந்தன. இரண்டையும் ஒன்றாக்கி, அதற்கு அனுப்பினேன். அளவு அட்டவணையைத் தையலம்மா திருத்திக்கொண்டிருந்தார், அதற்குத் தற்காலிகம். எப்போதோ முடிந்துபோன ஒரு கண்காட்சியின் அறிவிப்புக்கு, இனி இல்லை. இதற்கு நேரம் ஆகும். படிக்காமல் பொருத்த முடியாது.

பாத்துக்கலாமுக்குப் பொறுமை இல்லை. “என்னம்மா, பரீட்சைப் பேப்பரா திருத்துற?” என்று கேட்டுவிட்டு, என்னை டைல்ஸ் கடை சைட்டுக்கு மாற்றிவிட்டார். மிச்சத்தை அவரே ஒரே வரியில் முடித்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. மாதங்கள் கழித்து, ‘தையலம்மா சைட்டுல கூட்டம் விழுந்துடுச்சு, கேக்குறவங்க பயப்படாத மாதிரி ஒரு ரிப்போர்ட் எழுது’ என்று என் மேசைக்கு வந்தபோதுதான் திறந்தேன்.

கூட்டம் விழுந்துடுச்சாம். விழவில்லை, தள்ளிவிட்டிருக்கிறார்.

“பக்கமெல்லாம் புது சைட்டுல அப்படியே இருக்கு சார்,” என்றேன். “அதுக்குப் போக வழிதான் இல்லை. முகப்புலேருந்தும் வழியை எடுத்துட்டாங்க.”

“அது இடைவெளி பண்ணினது. நீளநீளமா எழுத்து இருந்தா கண்ணுக்கு உறுத்துதாம்.”

இடைவெளி எங்கள் வடிவமைப்பாளன். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும், “கொஞ்சம் மூச்சு விடட்டும், இடைவெளி குடு” என்பான். தையலம்மாவின் முகப்பில் அவன் கொடுத்த இடைவெளியில் ஒரு லாரியைத் திருப்பலாம். நடுவில் ஒரு பெண் பூவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், இரண்டு பக்கமும் நிறைவாக.

“நான் பாதி பொருத்தி வெச்சிருக்கேன். மிச்சத்தை ஒரு வாரத்துல முடிச்சுடுவேன். அந்த ஒரு வரியை எடுத்துட்டு இதைப் போட்டா, மெதுவாவாவது எல்லாம் திரும்ப வரும்.”

“வரும்,” என்றார். ஒப்புக்கொண்டதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “வரும்மா. எனக்குத் தெரியாதா? வந்தா அந்தம்மா கேக்கும், இப்ப எப்படி வந்துச்சு, அப்ப ஏன் போச்சுன்னு. நான் என்ன சொல்லட்டும்?”

“தப்பா போட்டுட்டேன்னு சொல்லுங்க.”

“சொல்றேன். அப்புறம் கடையைச் சாத்திட்டு உங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றேன்.” சிரித்தார். “தேடுபொறி விதியை மாத்திட்டாங்க, எல்லாருக்கும் அடி, கொஞ்ச மாசம் பொறுங்க, அதுவரைக்கும் விளம்பரம் போடலாம்னு சொல்லி வெச்சிருக்கேன். விளம்பரத்துக்குக் கையெழுத்தும் வாங்கியாச்சு. இப்ப போய் நீ வாயைத் திறந்தா?”

அதாவது, கிணற்றில் தள்ளிவிட்டுக் கயிறு விற்றிருக்கிறார்.

“நான் அவங்ககிட்ட பேசணும்,” என்றேன் மறுபடியும்.

“நாளைக்கு அவங்களே வர்றாங்க. நீயும் உக்காரு. பேசாதே. பாத்தேன்னு உனக்கும் ஆச்சு, பேசலைன்னு எனக்கும் ஆச்சு. போ, பாத்துக்கலாம்.”

வெளியே வந்தேன். எல்லோரும் திடீரென்று மும்முரமாகத் தட்டச்சு செய்தார்கள். இடைவெளி மட்டும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

“ஏன்டி உனக்கு இந்த வேண்டாத வேலை? அந்தம்மா உனக்கு அத்தையா, சித்தியா?”

“நீ அந்தப் பக்கத்துல ஒண்ணையாவது படிச்சியா?”

“நான் டிசைனர். படிக்கிறதுக்கா என்னை வெச்சிருக்காங்க?”

வேடிக்கையாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டான்.

வீட்டில் அம்மா வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிப்பது அவள் வேலை. நாள் முழுக்க நின்றே மடிப்பாள். அப்பா டெப்போவில் பஸ் கழுவுகிறார், அன்று அவருக்கு மாலை ஷிப்ட். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். தம்பி இப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். கூடப் படித்தவர்கள் வீட்டில் ஆடிட்டர் தெரியும், வக்கீல் தெரியும், எந்தக் கம்பெனிக்குப் போனாலும் யாரோ ஒரு மாமா இருப்பார். எங்கள் அப்பாவுக்குத் தெரிந்த பெரிய மனிதர் டெப்போ மேஸ்திரி. அவரும் அப்பாவை ‘டேய்’ என்றுதான் கூப்பிடுவார். கல்லூரியில் நான் என்ன படித்தேன் என்று வீட்டில் யாருக்கும் விளங்கியதில்லை. ‘பாஸா, ஃபெயிலா?’ அவ்வளவுதான் கேள்வி. பாஸ் என்றால் அம்மா தெருவில் நிமிர்ந்து நடப்பாள்.

நடந்ததைச் சொன்னேன். ஆஸ்பத்திரிக் கட்டடக் கதையை அவளுக்காகத்தான் முதலில் கண்டுபிடித்தேன். அவளுக்கு அது உடனே புரியும். பூச்சாடி வரைக்கும் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். ஆனால் அவள் கேட்டது வேறு.

“நீ சத்தமாவா பேசின?”

“ஆமா.”

“எல்லாரும் பாத்தாங்களா?”

“பாக்கட்டுமே.”

“உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன், மேல இருக்கறவங்க முன்னாடி ‘எனக்கு வேணும்’னு நிக்காதேன்னு? எனக்குன்னு ஒண்ணு வேணும்னு எங்க ஓட்டல்ல இதுவரைக்கும் நான் கேட்டிருப்பேனா? அதனாலதான் இன்னும் இருக்கேன். கேட்டவளுங்க எவளும் இல்லை.”

“அந்தம்மா கடையே போகப்போகுதும்மா.”

“போகட்டும்னு நான் சொல்லலை.” முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். “பாவம்தான். ஆனா நீ ஒருத்தி கத்தினா அது நின்னுடுமா? சொல்லு. நின்னுடும்னா போய்க் கத்து, நானும் கூட வர்றேன்.”

  நிற்காது என்று தெரிந்துதான் கேட்டாள். எழுந்து போய்ச் சோற்றை எடுத்து வைத்தாள். 

மறுநாள் தையலம்மா வந்தார். கைபேசித் திரையில் அவருடைய எழுத்தைப் படித்துப் படித்து ஒரு பெரிய உருவத்தைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். வந்தது என் உயரம்கூட இல்லாத ஒரு பெண். சட்டைக் காலரில் குண்டூசிகள் குத்தியபடியே பஸ் ஏறி வந்திருக்கிறார். கண்ணாடி அறைக்குள் நுழைந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இடது தோள் இறங்கியிருக்கே பாப்பா. பையை அந்தப் பக்கமே மாட்டாதே.”

“சரிங்கம்மா,” என்றேன். பேசக் கூடாது என்ற கட்டளை அப்போதே உடைந்துவிட்டது. பாத்துக்கலாம் என்னை முறைத்தார்.

தையலம்மா சுற்றி வளைக்கவில்லை. நாற்காலியில் பாதிதான் உட்கார்ந்தார். “சைட்டை நிறுத்திடலாம்னு வந்தேன்.”

“என்ன மேடம் அவசரம்? நான்தான் சொன்னேனே, பொறுங்கன்னு. மார்க்கெட்டே இப்ப...”

“பொறுத்தேன் தம்பி. நீங்க சொன்னீங்கன்னு பொறுத்தேன். ஆர்டர் இல்லாம பொண்ணுங்களை உக்கார வெச்சுப் பொறுத்தேன். அவங்களால பொறுக்க முடியுமா? ஒவ்வொருத்தியா சட்டைக் கம்பெனிக்குப் போயிட்டாங்க. காலர் தைக்கிறாங்களாம்.” லேசாகச் சிரித்தார். “போன வாரம் மெஷினையும் குடுத்துட்டேன். அறையை இந்த மாசத்தோட காலி பண்றேன்.”

 நேற்று நான் கேட்டது நேற்றே தாமதம்.

“ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி இருக்கா,” என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். “ஆபரேஷன் ஆனவங்களுக்கு என் பக்கத்தோட விலாசத்தைத் துண்டுச் சீட்டுல எழுதிக் குடுப்பா. அவ போன் பண்ணி, ‘ஏம்மா, நீங்க தொழிலை மாத்திட்டீங்களா? பூ வெச்சிக்கிட்டு ஒரு பொண்ணு நிக்குதே’ன்னு கேட்டா. நான் உங்க ஆபீசுக்கு போன் பண்ணிக் கேட்டேன். அது புது டிசைன்னு சொன்னாங்க. எனக்கு இதெல்லாம் தெரியாது. சரின்னு வெச்சிட்டேன்.”

“டிசைன் இல்லைம்மா,” என்றேன்.

“ஏய்,” என்றார் பாத்துக்கலாம்.

“பழைய சைட்டுலேருந்து புதுசுக்கு மாத்தும்போது, ஒவ்வொரு பக்கத்தையும் அதுக்கு உண்டான பக்கத்துக்கு அனுப்பணும். அனுப்பலை. எல்லாத்தையும் முகப்புக்கு அனுப்பிட்டாங்க. அதனாலதான் தேடுறவங்களுக்கு நீங்க கிடைக்கலை. விதி ஒண்ணும் மாறலை. மார்க்கெட்டும் ஒண்ணும் ஆகலை. நீங்க எழுதினது எல்லாம் அப்படியே இருக்கு. வழிதான் தப்பு.”

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.  

“சின்னப் பொண்ணு மேடம்,” என்றார் அவர், அசையாமல். “ஏதோ படிச்சிருக்கு, அதோட கருத்தைச் சொல்லுது. இதுல பத்துப் பேருக்குப் பத்துக் கருத்து இருக்கும்.”

தையலம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: “சரி பண்ணா ஆளுங்க திரும்ப வருவாங்களா?”

“வருவாங்க.”

“எப்ப?”

“தேடுபொறி ஒவ்வொரு பக்கமா மறுபடி வந்து பாக்கணும். கொஞ்ச மாசம் ஆகும்.”

“மாசம்,” என்றார். தலையை ஆட்டிக்கொண்டார். “வந்து கேட்டா என்ன குடுப்பேன் பாப்பா? மெஷின் போச்சு. கை தேர்ந்த பொண்ணுங்க போயாச்சு. எடை பாத்துத் தைக்க ஒருத்திக்குச் சொல்லிக்குடுக்கவே ரெண்டு வருஷம் ஆச்சு எனக்கு.”

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நன்றாக இருந்திருக்கும். மேசைமேல் இருந்த கண்ணாடி உருண்டையைத் தூக்கி எறிவார், நானும் ஏதாவது எறியலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அவர் காலரிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து, பார்த்துவிட்டு, அதே இடத்தில் குத்திக்கொண்டார்.

பிறகு கைப்பையிலிருந்து கையெழுத்துப் போட்ட ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். ‘நிறுத்துவதானால் இதில் கையெழுத்துப் போடுங்கள்’ என்று பாத்துக்கலாம் முன்பே அனுப்பியிருந்த தாள் அது. பழைய சைட்டின் விலாசம், புது சைட்டின் விலாசம், உள்ளே இருப்பதெல்லாம், இனி எங்கள் நிறுவனத்துக்குச் சொந்தம்.

“அதைக் குடுக்காதீங்கம்மா,” என்றேன்.

“குடுத்தா விளம்பர ஒப்பந்தத்தைக் கிழிச்சுடறேன்னு சொல்லியிருக்கார். இல்லைன்னா வீட்டைப் பூட்டிட்டுப் போனாலும் அந்த விளம்பரக் கடன் பின்னாலயே வரும்.” எழுந்தார். “நீ சொன்னது எனக்குப் புரிஞ்சுது. இத்தனை நாளும் என் தையல்லதான் ஏதோ குறை, யாருக்கோ உரசியிருக்கு, அவங்க நாலு பேர்கிட்ட சொல்லிட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். பழைய தையலை எல்லாம் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தேன். அது இல்லைன்னு தெரிஞ்சது போதும்.”

போதுமா? எனக்குப் போதவில்லை. ஆனால் அவர் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். லிஃப்ட் வேலை செய்யாததால் படியில் இறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

என் சீட்டு கிழிந்தது என்று நினைத்தேன். பாத்துக்கலாம் கத்துவார், அடையாள அட்டையைக் கழற்றச் சொல்வார். அவர் அந்தத் தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்துவிட்டு, “உக்காரு,” என்றார். அன்பாக.

“நீ சொன்னது சரிதான். நான் ஒத்துக்கறேன். எல்லாத்தையும் முகப்புக்குப் போட்டது தப்பு. மதிப்பெல்லாம் போயிடுது. பக்கத்துக்குப் பக்கம்தான் போடணும்.”

 ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, மனம் இளகியது. பக்கங்களையாவது காப்பாற்றலாம் போல. கடை இல்லாவிட்டாலும் பதில்கள் இருக்கும். தைக்கத் தெரிந்த யாராவது படித்துத் தைத்துக்கொள்வார்கள்.

“இந்த விலாசத்துக்கு வயசு இருக்கும்மா. எத்தனை ஆஸ்பத்திரிக்காரன் தன் சைட்டுலேருந்து இதுக்கு வழி போட்டிருக்கான், பாத்தியா? காசு குடுத்தாலும் தேடுபொறிகிட்ட கிடைக்காத மரியாதை அது. அதைச் சும்மா விடலாமா? நம்ம உள்ளாடைக் கடை கிளையண்ட் இருக்காரே, அந்த லேஸ் கடை. இதை அப்படியே அவருக்குத் திருப்பிவிடு. உன் முறைப்படியே. அளவு அட்டவணையை அவரோட அளவு அட்டவணைக்கு. நீச்சல் பத்தின பக்கத்தை அவரோட நீச்சலுடைக்கு. அந்த ‘ஒரு பக்கம் எடுத்தவங்களுக்கு’ன்னு ஒண்ணு இருக்கே, அதை... எடுப்பாக் காட்டுறதுன்னு அவர்கிட்ட ஒரு வகை இருக்கு, அதுக்கு. நிரந்தரம்னு போடு.”

அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. வேலை நன்றாக நடக்கப்போகிற சந்தோஷம்தான் இருந்தது.

“இதை இடைவெளி பண்ண மாட்டான். பண்ணினா என்னை மாதிரியே ஒரே வரியில போட்டுடுவான். அந்தப் பக்கத்தையெல்லாம் வரிவரியா படிச்சது நீதான். எதுக்கு எது பொருந்தும்னு உனக்குத்தான் தெரியும். இதை முடி. அடுத்த மாசம் உன்னை டீம் லீடா போடறேன். உங்க அப்பா டெப்போவுல பஸ் கழுவுறார்ல? வீட்டுக்கும் உதவியா இருக்கும். இனிமே நீயே கிளையண்ட்கிட்ட பேசலாம். நேர்லயே பேசு.”

கட்டு பிரிக்காத ஒரு பெண் கைபேசியில் தட்டுகிறாள்: நடக்கும்போது சாய்கிறேனா? ஆஸ்பத்திரியின் பக்கம் அவளை நம்பகமான ஓர் இடத்துக்கு அனுப்புகிறது. நான் பொருத்திய வழி அவளைத் துல்லியமாகக் கொண்டுபோய் நிறுத்துகிறது, குனிந்து சிரிக்கும் ஒரு விளம்பரப் பெண்ணின் இரண்டு மார்புகளின் முன். பூச்சாடியாவது அவளைக் கேலி செய்யாது.

“மூடின கடைக்கு ஒரே ஒரு சரியான பதில்தான் இருக்கு சார்,” என்றேன். “இனி இல்லைன்னு சொல்லணும். வேற எங்கயும் அனுப்பக் கூடாது. தேடி வந்தவங்க நின்னுட்டு வேற இடம் தேடிப் போயிடுவாங்க.”

“இல்லைன்னு சொன்னா யாருக்கு லாபம்?”

இதை உண்மையான கேள்வி என்றே அவர் நினைத்தார். பதிலுக்குக் காத்திருந்தார்.

எனக்குத் தெரியும். நான் செய்யாவிட்டால் இடைவெளி ஒரே வரியில் எல்லாவற்றையும் அந்த லேஸ் கடையின் முகப்புக்குத் தள்ளுவான். கொஞ்சம் மோசமாகச் செய்வான், அவ்வளவுதான். அம்மா கேட்ட கேள்வி காதிலேயே நின்றது. நின்றுவிடுமா? நிற்காது. தையலம்மாவைத் தேடிப் போய் இதையும் சொல்லத்தான் போகிறேன். கையெழுத்துப் போட்ட தாளை அவரால் திரும்ப வாங்க முடியாது. நர்ஸிடம் சொல்லி அந்தத் துண்டுச் சீட்டைக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லலாம். முன்பே கொடுத்த சீட்டுகள் எத்தனை கைப்பைகளில் இருக்கின்றன என்று யாருக்குத் தெரியும்? வாடகைக்கும் தம்பியின் கல்லூரிக்கும் அடுத்த மாதம் என்ன செய்வோம் என்றும் தெரியாது. இதெல்லாம் எனக்குள் ஓடி முடிந்தபோது, நான் எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று நினைவில்லை.

“எங்க போற? பேசிக்கிட்டிருக்கேன்ல?”

“நான் இதைப் பண்ணலை.”

“நல்லா யோசி. உனக்கு அனுபவச் சான்றிதழ்கூடக் கிடைக்காது. எல்லாக் கம்பெனிக்கும் போன் போட்டுச் சொல்லுவேன், இது கிளையண்ட் முன்னாடி வாயாடும்னு.”

“சொல்லுங்க. அதுவாவது உண்மை.”

என் மேசைக்குப் போனேன். எடுத்துக்கொள்ள ஒரு தண்ணீர் பாட்டிலும் சார்ஜரும்தான் இருந்தன. பொருத்தி வைத்திருந்த பாதி வேலை திரையில் திறந்தே கிடந்தது. அதைச் சேமிக்காமல் மூடினேன். அடையாள அட்டையைக் கழற்றித் தட்டச்சுப் பலகைமேல் வைத்தேன்.

கண்ணாடி அறையிலிருந்து அவர் இடைவெளியைக் கூப்பிடுவது கேட்டது. அவன் என்னைக் கடந்து உள்ளே போனான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு படியில் இறங்கினேன்.